ஈவு

ஃபேரிபோ ஊரில், காலணிக் கிடங்காக இருந்த கட்டடத்தில்
இப்போது உறைகள் வந்து இறங்குகின்றன.
லிண்டி ப்ரெக்கே, இருக்கை எண் பதினேழு.
நான் பதினெட்டு.
ஆளுக்கு ஒரு நாளில் முந்நூற்றிருபது படிவம்.

வழக்கின் பெயர் அரைப் பக்கம் நீளும்.
நாங்கள் 'ஈரப்பெட்டி' என்போம்.
நிலவறையின் ஈரத்தைக் குடிக்க
ஆறு லட்சம் வீடுகளில் முனகிக்கொண்டிருந்த
வெள்ளைப் பெட்டி.
தண்ணீரைக் குடித்துக் குடித்து
நெருப்பைக் கக்கியது.

முதலில் அறிவிப்பு வந்தது:
கம்பியை வெட்டுங்கள்.
பெட்டியின் மேல் கறுப்பு மையில்
'திரும்பப் பெறப்பட்டது' என்று எழுதுங்கள்.
படம் எடுத்து அனுப்புங்கள்.

அனுப்பினார்கள்.
எங்கள் திரை முழுக்க
அறுந்த பல்லி வால்கள்.

டெகோராவிலிருந்து வெர்லின் ஸ்டூவே
வேறு மாதிரி அனுப்பியிருந்தார்.
வெட்டுவதற்குக் கம்பி இல்லை.
எழுதுவதற்குப் பெட்டி இல்லை.
பெட்டி நின்ற சுவர் இருந்தது.
கரி படிந்த அந்தச் சுவரில்
சாக்பீஸால் எழுதிப் படம் எடுத்திருந்தார்:
திரும்பப் பெறப்பட்டது.

இழப்பு என்ற இடத்தில்:
நாய். பெயர் பிக்கிள். பதினோரு வயது.
குரைத்து எங்களை எழுப்பியது.
நாங்கள் வெளியே வந்தோம்.

அவ்வளவுதான் எழுதியிருந்தார்.
நான்கு வரிக்கு இடம் இருந்தது.

லிண்டி பட்டியலை உருட்டினாள்.
தரைவிரிப்பு. தளவாடம். விடுதி வாடகை. மருந்து.
பிற.
'பிற'வைத் தொட்டால் ரசீது கேட்டது.
"நாய்க்கா?" என்றாள் திரையிடம்.

குறிப்புக் கட்டத்தில் நாற்பது எழுத்து கொள்ளும்.
'பிக்கிள்' என்று தட்டினாள்.
கட்டம் சிவந்தது.
மறுபடி தட்டினாள்.
மாலைத் தணிக்கையில் யாரோ அழித்தார்கள்,
யார் என்று கேட்காதீர்கள்,
தணிக்கை அன்று என் முறை.

வகுப்பு வழக்கு என்கிறார்கள்.
பெயரிலேயே கணக்கு இருக்கிறது,
வகுப்பதற்குத்தான் வகுப்பு.
டுலூத்திலிருந்து ஒரு பெண்மணி
வழக்கறிஞர்களின் மூன்றில் ஒரு பங்கைப் பார்த்துவிட்டு
எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்று
உறையின் வெளிப்பக்கத்திலேயே எழுதியிருந்தார்.
தபால்காரரும் படித்திருப்பார்.

இருந்தாலும் இதைக் குறைத்துப் பேசமாட்டேன்.
தனி ஆளாக அழைத்தவருக்கு
அந்தக் கம்பெனி தொலைபேசியில் இசைதான் போட்டது.
நாற்பதாயிரம் கை வடத்தைப் பிடித்ததும்
அசையாதது அசைந்தது.
இப்போது விதி வந்திருக்கிறது:
சூடு ஏறினால் தானே அணையாத பெட்டியை
எந்தக் கடையும் விற்க முடியாது.
அடுத்த வீட்டு நாய்
தூங்கிக்கொண்டே இருக்கலாம்.

கம்பெனி எந்தத் தவறையும் ஒப்புக்கொள்ளவில்லை.
இந்த வாக்கியத்தை
நாற்பதாயிரம் கடிதங்களில் அச்சிட்டோம்.

நீதிபதி கையெழுத்திட்டார். வகுத்தோம்.
ஆதாரம் உள்ளவர்களுக்குக் கூடுதல்.
ஸ்டூவே மூன்றாம் பிரிவு,
சுவர் ஆதாரம் ஆகாது.
ஈவு: பதினொரு டாலர் நாற்பத்திரண்டு செண்ட்.
இரக்கத்துக்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

காசோலைக்குத் தொண்ணூறு நாள் ஆயுள்.
எண்பத்தொன்பதாம் நாளும் லிண்டி பார்த்தாள்.
அவர் மாற்றவில்லை.

மாற்றாத பணம் மீதி.
மீதி ஓர் அறக்கட்டளைக்குப் போகும்,
ஏழை வீடுகளுக்குப் புகை எச்சரிப்பான் வாங்க.
உத்தரவின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது,
அதுவரை படிப்பவர்கள் நாங்கள்தான்.

"ஒன்று என்ன விலை?" என்றாள்.
பதினான்கு டாலர்.
இரண்டு டாலர் ஐம்பத்தெட்டு குறைகிறது.
அவள் பர்ஸைத் திறந்தாள். மூடினாள்.
எங்கள் பணத்தை உள்ளே விட
அந்தக் கணக்கில் வாசல் கிடையாது.
"குரைக்கத்தானே போகிறது அதுவும்" என்றாள்.

திங்களன்று புதிய வழக்கின் பெட்டிகள்
தள்ளுவண்டியில் வந்தன.
சாய்வுத் தொட்டில்கள்.
மேலே இருந்த உறை இளநீலம்,
கை எழுத்து, முத்திரை கோணலாக.

பத்து மணி வரை
பதினேழும் எடுக்கவில்லை,
பதினெட்டும் எடுக்கவில்லை.